காபி ஒப்பந்தமும் கல்வியாளர்களின் மௌனமும்

பெங்களூரின் ஆய்வு நிறுவனம் ஒன்றிலோ பல்கலைக்கழகத் துறையொன்றிலோ காபி வழங்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்துவிட்டால் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். கொள்முதல் குழு கூடும். மூன்று விலைப்புள்ளிகள் மேசைமீது வைக்கப்படும். கோப்பைக்கு எவ்வளவு, இயந்திரத்துக்கு வாடகை உண்டா, மாதம் குறைந்தது எத்தனை கிலோ பொடி வாங்க வேண்டும், பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என நான்கு கேள்விகள் எழும். மாதிரிக் கோப்பைகள் சுற்றி வரும். ஒருவர் சிக்கரி அதிகம் என்பார். மற்றவர் சர்க்கரை அதிகம் என்பார். அரை மணி நேரத்தில் ஒப்பீட்டு அட்டவணையில் எல்லோரும் கையெழுத்திட்டுக் கலைந்துவிடுவர். காலை ஏழு மணிக்கு வந்து பால் காய்ச்சுபவர், இயந்திரத்தைக் கழுவுபவர், கருத்தரங்க அறைகளுக்குத் தட்டேந்திச் செல்பவர், மாலையில் எச்சில் கோப்பைகளை அள்ளுபவர் ஆகியோருக்கு அந்த அட்டவணையில் ஒரு கட்டம்கூட இராது.

அந்தக் குழுவில் அமர்ந்திருப்பவர்கள் எளியவர்கள் அல்லர். முறைசாரா உழைப்பைப் பற்றி ஆய்வேடு எழுதியவர் அவர்களுள் இருக்கலாம். தோட்டத் தொழிலாளர் வரலாற்றைக் கற்பிப்பவர் இருக்கலாம். யூர்கன் ஹாபர்மாஸ் 1962-இல் எழுதிய பொதுவெளி பற்றிய நூலைப் பாடமாக நடத்தி, பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் காபிக் கடைகளில் நவீன உரையாடல் பிறந்த கதையை ஆண்டுதோறும் மாணவருக்குச் சொல்பவர் கட்டாயம் இருப்பார். அந்தக் கதையில் காபியைக் குடித்துக்கொண்டே அரசியல் பேசியவர்கள் எல்லோரும் உண்டு. கொதிநீரோடு நின்றவர் எங்கும் தென்படுவதில்லை. அதே விடுபடல்தான் கொள்முதல் குழுவின் அட்டவணையிலும் மறுபடி அரங்கேறுகிறது. கோட்பாட்டு வகுப்பில் விடுபட்டவர் கோப்பிலும் விடுபடுகிறார்.

பணியிடத்துக்குக் காபி வழங்குபவரைத் தேர்ந்தெடுப்பது சுவையையும் சில்லறையையும் பற்றிய முடிவு என்று இன்று கொள்ளப்படுகிறது. உண்மையில் அது சில மனிதர்களுக்கு முதலாளியை நியமிக்கும் முடிவு. நிறுவனத்தின் வாயிலுக்குள் பத்து மணி நேரம் நின்று வேலை செய்யப்போகிறவர்களுக்கு என்ன கூலி, எவ்வளவு காலம் வேலை, யாரிடம் முறையிடுவது என்பதை அந்த அரை மணி நேரம்தான் தீர்மானிக்கிறது. இதை அறியாமல் செய்தால் அலட்சியம். அறிந்தே, ‘விதி அப்படித்தான்’ என்று கையெழுத்திட்டால் அதற்கு வேறு பெயர் வேண்டும். உழைப்பைப் பற்றிப் பேசியும் எழுதியும் ஊதியம் பெறுவோரிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பெங்களூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

பொருத்தத்துக்குக் காரணம் இந்த நகரின் வரலாறு. இந்தியக் காபியில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு கர்நாடகத்தில், குறிப்பாகக் குடகு, சிக்கமகளூரு, ஹாசன் மாவட்டங்களில் விளைகிறது. அந்த விளைச்சலுக்கான அரசு நிறுவனமாகிய காபி வாரியத்தின் தலைமையகம் இருப்பதும் பெங்களூரில்தான். வாரியத்தின் முன்னோடியான காபி வரிக் குழு 1936-இல் பம்பாயின் சர்ச்கேட்டில் முதல் ‘இந்தியா காபி ஹவுஸ்’ஸைத் திறந்தது. உள்நாட்டில் காபி குடிக்கும் பழக்கத்தைப் பெருக்குவது அதன் நோக்கம். 1942-ஆம் ஆண்டுச் சட்டம் வாரியத்தை நிலைப்படுத்தியது. நாற்பதுகளில் கடைகள் ஐம்பதை நெருங்கின. சுதந்திரத்துக்குப் பின், ஐம்பதுகளின் நடுவில், வாரியம் கொள்கையை மாற்றிக்கொண்டு கடைகளை மூடத் தொடங்கியது. பணியாளர்கள் தெருவுக்கு வந்தனர்.

அங்கே நிகழ்ந்தது இந்தியத் தொழிலாளர் வரலாற்றின் அரிய திருப்பங்களுள் ஒன்று. பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலனின் தூண்டுதலால், வேலை இழந்த பணியாளர்கள் நட்ட ஈட்டோடு வீடு திரும்ப மறுத்து, கடைகளைத் தாங்களே ஏற்று நடத்த முன்வந்தனர். முதல் காபித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் 1957 ஆகஸ்ட் 19 அன்று அமைந்தது. அமைந்த இடம் பெங்களூர். அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று டெல்லியில் முதல் ‘இந்தியன் காபி ஹவுஸ்’ திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு திருச்சூர் தொடர்ந்தது. காபி வழங்குபவரே காபிக்கடையின் உரிமையாளராக இருக்க முடியும் என்ற எண்ணம் செயலாக மாறிய முதல் ஊர் இது. கல்கத்தா கல்லூரித் தெருவின் காபி ஹவுஸைப் பற்றிக் கண் கலங்கும் பெங்களூர்ப் பேராசிரியர்களுள் எத்தனை பேர் தங்கள் ஊரின் இந்த முன்னுரிமையை அறிவர்?

அதே 1957-ஆம் ஆண்டில் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபே வாயிலில் மறியல் நடந்ததையும் இதனோடு சேர்த்தே நினைக்க வேண்டும். பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் தொடங்கிய அந்தப் போராட்டம் பல மாதங்கள் நீடித்தது; நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். தமிழ்ச் சமூகத்தில் காபி ஒருபோதும் வெறும் பானமாக இருந்ததில்லை என்பதை ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலைப் படித்தோர் அறிவர். யார் போடுவது, யார் குடிப்பது, எங்கே உட்கார்ந்து குடிப்பது என்பவை இங்கு அரசியல் கேள்விகளாகவே இருந்துவந்துள்ளன. ஒரே ஆண்டில், ஒரு நகரில் காபிக்கடைப் பலகையின் சாதி கேள்விக்குள்ளானது. மற்றொரு நகரில் காபிக்கடையின் உடைமை கேள்விக்குள்ளானது. கொள்முதல் குழுக்கள் இவ்விரு கேள்விகளையும் கேட்காமலே அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

அடுத்த திருப்பமும் பெங்களூரில்தான். விளைந்த காபி முழுவதையும் வாரியமே திரட்டி விற்கும் முறை தொண்ணூறுகளில் படிப்படியாகத் தளர்ந்து 1996-இல் முடிவுற்றது. அதே 1996-இல் பிரிகேட் சாலையில் வி.ஜி. சித்தார்த்தா முதல் ‘கஃபே காபி டே’யைத் திறந்தார். அதே குழுமம் அலுவலகங்களுக்கு இயந்திரங்களை வழங்கும் தொழிலிலும் இறங்கியது. பன்னாட்டு நிறுவனங்களும் அதே களத்தில் இருந்தன. மென்பொருள் வளாகங்கள் எழுந்த வேகத்தில், பொத்தானை அழுத்தினால் காபி வரும் பெட்டி ஒவ்வொரு மாடியிலும் ஏறியது. 1957-இன் சங்கமோ எம்.ஜி. சாலையில் தனக்கிருந்த புகழ்பெற்ற இடத்தை 2009-இல் இழந்து சர்ச் தெருவுக்குப் பெயர்ந்தது. பிரியாவிடைக் கட்டுரைகள் நாளிதழ்களில் குவிந்தன. அவற்றை எழுதியவர்களின் அலுவலகங்களில் காபி ஒப்பந்தம் யாருக்குப் போயிற்று என்று எவரும் கேட்கவில்லை.

இயந்திரத்தைப் பழிப்பது இங்கு நோக்கமன்று. நள்ளிரவில் ஆய்வகத்தில் இருக்கும் மாணவருக்கு இயந்திரம் ஒரு வரம். ஆனால் இயந்திரம் ஆளை நீக்கிவிட்டது என்ற நம்பிக்கை பொய். அது ஆளை மறைத்திருக்கிறது, அவ்வளவே. பொடி நிரப்புவதற்கும் கழிவுத் தட்டைக் கொட்டுவதற்கும் பால் குழாயைக் கழுவுவதற்கும் சிந்தியதைத் துடைப்பதற்கும் ஒருவர் வேண்டும். சில இடங்களில் அவர் காபி நிறுவனத்தின் ஆள். சில இடங்களில் துப்புரவு ஒப்பந்ததாரரின் ஆள். பல இடங்களில் எவருடைய ஆள் என்பது அவருக்கே தெரியாது. நாற்பது வயதைக் கடந்தும் அவருக்குப் பெயர் ‘பேன்ட்ரி பையன்’. ‘இயந்திரம் இலவசம்’ என்ற விலைப்புள்ளியின் பொருளையும் குழுவினர் சிந்திப்பதில்லை. இயந்திரத்தின் விலை, மாதந்தோறும் கட்டாயமாக வாங்க வேண்டிய பொடியின் விலைக்குள் மறைந்திருக்கிறது. ஆளின் கூலியும் அதே பொடிக்குள்தான் மறைந்திருக்கிறது. இரண்டில் எது குறைக்க எளிது என்பதற்குக் கணிதப் பேராசிரியர் தேவையில்லை.

அந்தக் குறைப்பு எப்போது நிகழும் என்பதற்கு 2025 ஒரு நல்ல பாடம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. ஏப்ரல் 1 முதல் கர்நாடகத்தில் நந்தினிப் பால் லிட்டருக்கு 4 ரூபாய் உயர்ந்தது. கொட்டையும் பாலும் ஒருசேர ஏறின. ஊரிலுள்ள தர்ஷினி, விலைப்பலகையை மாற்றி எழுதிக்கொள்ளலாம். வாடிக்கையாளர் முணுமுணுத்துவிட்டுக் குடிப்பார், அல்லது ஒரு காபியை இருவராகப் பகிர்ந்து ‘பை-டூ’ சொல்வார். இரண்டு ஆண்டுக்கு நிலையான விலையில் ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனத்துக்கு அந்த வழி இல்லை. அது காபியைக் குறைத்துச் சிக்கரியைக் கூட்டலாம். உணவுப் பாதுகாப்பு விதிகள் காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்கின்றன. ஆகவே அந்தச் சறுக்கலுக்கு ஓர் எல்லை உண்டு, கலவையின் விழுக்காட்டை உறைமேல் அச்சிட வேண்டிய கடமையும் உண்டு. ஆளைக் குறைப்பதற்கு ஒப்பந்தத்தில் எந்த எல்லையும் இல்லை. இரண்டு பேர் செய்த வேலையை ஒருவர் செய்வார். வைப்புநிதிப் பங்கு இரண்டு மாதம் தள்ளிப்போகும். விடுப்பு எடுத்த நாளின் கூலி பிடிக்கப்படும். காபிக்குச் சட்டம் விதித்த 51 விழுக்காட்டுப் பாதுகாப்புக்கூட அதைக் கலக்கிக் கொடுப்பவருக்குக் கொள்முதல் ஆவணத்தில் இல்லை.

‘தொழிலாளர் சட்டங்கள் இருக்கின்றனவே, அவை பார்த்துக்கொள்ளும்’ என்பது அடுத்து வரும் பதில். சட்டம் எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்கலாம். பணியிட உணவகத் தொழிலாளர் எவருடைய தொழிலாளர் என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் பலமுறை சென்றது. 1990-இல் எம்.எம்.ஆர். கான் வழக்கில், சட்டப்படி அமைந்த ரயில்வே உணவகங்களிலும் அங்கீகாரம் பெற்ற உணவகங்களிலும் உழைத்தோர் ரயில்வேயின் பணியாளர்களே என்று தீர்ப்பாயிற்று. 1995-இல் பரிமள் சந்திர ராஹா வழக்கில், ஆயுள் காப்பீட்டுக் கழக அலுவலகங்களின் உணவகப் பணியாளர்களுக்கும் அதே நிலை கிடைத்தது. உணவகத்தை நடத்துவோர் மாறிக்கொண்டே இருந்தாலும், இடமும் தளவாடமும் கழகத்தினுடையவை, உணவகம் ஊழியரின் பணி நிலைமைகளுள் ஒன்றாகவே ஆகிவிட்டது என்பதை நீதிமன்றம் கண்டுகொண்டது. பிறகு காற்று திசை மாறியது. 2001-இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கு, ஒப்பந்த முறைக்குத் தடை வந்தாலும் தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார் என்றது. 2014-இல் ஏர் இந்தியாவுக்கு எதிரான பல்வந்த் ராய் சலூஜா வழக்கு, சட்டப்படியான உணவகத்தில் உழைப்பவர்கூட ஆலைச் சட்டத்தின் நோக்கங்களுக்கு மட்டுமே நிறுவனத்தின் பணியாளர் எனக் கதவைச் சாத்தியது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டிருக்கிறது. 2020-இல் நிறைவேறிய அச்சட்டம் ஒப்பந்தத் தொழிலாளரை ஒரு நிறுவனத்தின் மையப் பணிகளில் அமர்த்துவதைத் தடை செய்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எவை மையப் பணிகள் அல்ல என்பதற்கு அதே சட்டம் ஒரு பட்டியல் தருகிறது. துப்புரவு, காவல், உணவகம் ஆகியவை அந்தப் பட்டியலின் தொடக்கத்திலேயே வருகின்றன. நிறுவனத்தின் தொழிலே அதுவாக இருந்தாலன்றி, காபி போடுபவர் என்றென்றும் ஒப்பந்தத்தில் இருக்கலாம் என்பதே இதன் பொருள்.

கல்வியாளர்கள் இந்தப் பட்டியலைக் கூர்ந்து படித்திருந்தால் ஒரு பழைய வாடையை உணர்ந்திருப்பர். 1963-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பேருந்து ஓட்டுநர் ராம்நாத் வழக்கில், பல்கலைக்கழகம் ஒரு தொழில் அன்று என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கல்வி என்ற உயர்பணியின் நடுவே இத்தகைய கீழ்நிலைப் பணியாளரின் பங்கு அற்பமானது என்பது அதன் வாதம். அந்த வாதத்தை 1978-இல் தகர்த்தது பெங்களூர்க் குடிநீர் வழங்கல் வாரியத்தின் வழக்கு. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் தொழில் என்ற வரையறைக்குள் கொணர்ந்தது. கற்பிப்பவரைத் தவிர வேறு எவரும் பல்கலைக்கழகத்தில் இல்லை என்ற பாவனை அதோடு முடிந்திருக்க வேண்டும். ‘மையம் அல்லாத பணி’ என்ற சொற்றொடரின் வழியே ராம்நாத் வழக்கின் வாதம் இன்று பின்வாசலில் நுழைந்திருக்கிறது. அதைப் பற்றிக் கருத்தரங்கு நடத்த வேண்டியவர்கள், அந்த வகைப்பாட்டையே தங்கள் ஒப்பந்தப்புள்ளியின் முதல் பக்கத்தில் அச்சிட்டுக் கையெழுத்திடுகிறார்கள்.

‘சட்டம் அனுமதிக்கிறது’ என்பதற்கும் ‘சட்டம் கட்டாயப்படுத்துகிறது’ என்பதற்கும் இடையே பெரிய வெளி உண்டு. கொள்முதல் குழு இயங்குவது அந்த வெளியில்தான். குறைந்த விலை கேட்டவருக்கே தர வேண்டும் என்ற எல்-1 விதியைக் காட்டி அந்த வெளி இல்லை என்று நடிப்பதே இவ்விவகாரத்தின் மையமான நேர்மையின்மை. எல்-1 என்பது நிர்ணயித்த தகுதிகளையும் நிபந்தனைகளையும் நிறைவு செய்தவர்களுள் குறைந்த விலை கேட்டவர். அந்த நிபந்தனைகளை எழுதுவது யார்? அதே குழுதான். மின்னணு நுண்ணோக்கி வாங்கும்போது நாற்பது பக்கத்துக்குத் தொழில்நுட்பக் குறிப்புகள் எழுதும் குழு, காபிக்கு ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, விதி கையைக் கட்டிவிட்டது என்கிறது. 2021 அக்டோபரில் ஒன்றிய நிதி அமைச்சகம் வெளியிட்ட அறிவுறுத்தல்கள், ஆலோசனை சாராத சேவைகளிலும் தரத்துக்கு 30 விழுக்காடு வரை மதிப்பெண் தர வழி செய்துள்ளன. அதிகாரமுடையவர் அக்கொள்முதலைத் தரம் சார்ந்தது என அறிவித்தால் போதும். அந்த அறிவிப்பைக் கோரி எத்தனை காபிக் கோப்புகள் இயக்குநரின் மேசைக்குப் போயின?

செய்யக்கூடியவை அரிதானவை அல்ல. முதலாவது, கூலியைப் போட்டியிலிருந்து விலக்குவது. அரசு மின்சந்தையில் ஆள் வழங்கும் ஒப்பந்தங்களில் குறைந்தபட்சக் கூலியும் வைப்புநிதி, ஈ.எஸ்.ஐ. பங்குகளும் மாறாத தொகையாக வைக்கப்பட்டு, ஒப்பந்ததாரரின் சேவைக் கட்டணம் மட்டுமே போட்டிக்கு விடப்படுகிறது. காபிக்கும் அதையே செய்யலாம். எத்தனை பேர் வேண்டும், எத்தனை மணி நேரம், என்ன கூலி என்பவற்றை நிறுவனம் நிர்ணயித்துவிட்டால், ஒருவர் காபியின் தரத்தாலோ நிர்வாகத் திறனாலோ வெல்லலாம். வயிற்றில் அடித்து வெல்ல முடியாது. கூலி வங்கிக் கணக்கில் சேர்ந்த சான்றைக் காட்டிய பிறகே அடுத்த மாதப் பட்டியல் தொகை வழங்கப்படும் என்று ஒரு வரியும் சேர்க்கலாம்.

இரண்டாவது, ஒப்பந்ததாரர் மாறினாலும் ஆள் மாறாமை. எட்டு ஆண்டுகளாக ஒரே அடுக்களையில் நிற்பவர் மூன்றாவது ஒப்பந்ததாரரின் கீழ் மறுபடி ‘புதியவர்’ ஆகிறார். பணிக்கொடைக் கணக்கு அறுபடுகிறது. புதிய ஒப்பந்ததாரர் இருப்போரையே முன்னுரிமையோடு அமர்த்த வேண்டும், முந்தைய பணிக்காலத்தை ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

மூன்றாவது, விலை ஏற்றத்துக்கு வழி விடுவது. கட்டுமான ஒப்பந்தங்களில் சிமென்டுக்கும் எஃகுக்கும் விலை மாறுபாட்டு விதி உண்டு. நந்தினிப் பாலின் விலை எல்லோருக்கும் தெரிந்த விலை. காபி வாரியம் சந்தை விலைகளை நாள்தோறும் வெளியிடுகிறது. இவ்விரண்டையும் சார்ந்து கோப்பையின் விலையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்திக்கொள்ள முடியும். அப்போது ஏறிய விலையைக் குடிப்பவர் சுமப்பார். கொடுப்பவர் சுமக்க வேண்டியதில்லை. கூடவே, காபி, சிக்கரி, சர்க்கரை, பால்பொடி ஆகியவற்றின் விழுக்காட்டை இயந்திரத்தின்மேலேயே ஒட்டச் சொல்வதும் நல்லது. முன்கலவைப் பொடியில் உண்மையில் எவ்வளவு காபி இருக்கிறது என்பதைப் படித்த பிறகு, ‘மலிவு’ என்ற சொல்லுக்கு வேறு பொருள் தோன்றக்கூடும்.

நான்காவது, தொழிலாளர் கூட்டுறவுகளை வாசலிலேயே தடுத்து நிறுத்தும் தகுதிகளை நீக்குவது. சில கோடி ஆண்டு விற்றுமுதல், பெரிய முன்வைப்புத் தொகை, பல வளாகங்களில் இயந்திரம் நிறுவிய அனுபவம் ஆகியவை நடுநிலையான நிபந்தனைகளைப் போலத் தோன்றும். அவை ஒரு சிறு சங்கத்தை வெளியே நிறுத்துவதற்கு வேறு ஏற்பாடே தேவையில்லை.

ஐந்தாவது, வாயிலுக்குள் உழைக்கும் அனைவரும் அதே காபியைக் குடிக்கலாம் என்று எழுத்தில் வைப்பது. காவலாளி, தோட்டக்காரர், துப்புரவுப் பணியாளர் எவரும் அந்தப் பொத்தானை அழுத்தலாமா என்பது பல அலுவலகங்களில் சொல்லப்படாத தடையாக இருக்கிறது. பலகையில் எழுதாத தடைக்கு மறியல் செய்வது கடினம். அதனால்தான் அனுமதியைப் பலகையில் எழுத வேண்டியிருக்கிறது.

மறுப்புகள் வரும். ‘கூட்டுறவுகள் பழமைப்பட்டுவிட்டன, சேவை மெத்தனம், தலைப்பாகை அணிந்த பணியாளரைப் பார்த்து மகிழலாமே தவிர, ஐந்நூறு பேருக்கு மூன்று வேளை காபி கொடுக்க அவர்களால் ஆகாது’ என்பது ஒன்று. ஜபல்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட காபித் தொழிலாளர் சங்கம் மத்திய இந்தியாவின் பொதுத்துறை வளாகங்களில் உணவகங்களை நடத்துகிறது. கேரளத்தின் சங்கங்கள் அரசு மருத்துவக் கல்லூரி வளாகங்களில் நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும் உணவளிக்கின்றன. அனல்மின் நிலையத்திலும் மருத்துவக் கல்லூரியிலும் இயலுவது சமூகவியல் துறையில் மட்டும் இயலாமற் போவது வியப்புக்குரியது.

கூட்டுறவு என்ற பெயரே போதும் என்பதும் ஏற்கத்தக்கதன்று. உறுப்பினர் சிலரும் தற்காலிகர் பலருமாக நடக்கும் சங்கம் ஒப்பந்ததாரரிலிருந்து பெரிதும் வேறுபடாது. அதனால்தான் மேற்சொன்ன ஐந்தும் எவர் வந்தாலும் பொருந்தும் நிபந்தனைகளாக இருக்க வேண்டும். தனியார் நிறுவனம் அவற்றை நிறைவு செய்தால் ஒப்பந்தம் அதற்கே போகட்டும். கூட்டுறவு நிறைவு செய்யவில்லையென்றால் அதற்குப் போக வேண்டாம்.

‘மாணவருக்கு விலை ஏறிவிடுமே’ என்பது இன்னொரு மறுப்பு, மற்றவற்றைவிட மதிக்கத்தக்கதும்கூட. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும் ஆய்வு மாணவருக்குக் கோப்பைக்கு மூன்று ரூபாய் ஏறுவது சிறிய செய்தியன்று. ஆனால் மாணவரின் வறுமையை ஈடுகட்ட வேண்டிய கடமை நிறுவனத்துடையது, காபி போடுபவருடையதன்று. மாணவர் கோப்பைக்கு நிறுவனம் மானியம் தரலாம். ஒரு நாள் பன்னாட்டுக் கருத்தரங்கின் நட்சத்திர விடுதிச் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையாக இராது. ஒரு வறியவரின் கோப்பையை மலிவாக்க மற்றொரு வறியவரின் கூலியைக் கரைப்பது நிதி மேலாண்மை ஆகாது.

‘ஒரு காபிக்காக இவ்வளவா?’ என்பது கடைசி மறுப்பு. சொல்லாமலே மனத்தில் நிற்கும் உண்மையான மறுப்பும் இதுவே. பெரிய அநீதிகள் காத்திருக்கும்போது சிறியதைப் பேசுவானேன் என்று அது கேட்கிறது. பேராசிரியர் குழு குடகின் நிலவுடைமையை மாற்ற முடியாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் திருத்த முடியாது. தொகுப்புச் சட்டத்தின் பட்டியலிலிருந்து ஒரு சொல்லை அடிக்க முடியாது. அதன் கையெழுத்து நேரடியாகச் செல்லுபடியாகும் இடங்கள் மிகச் சில. காபி ஒப்பந்தம் அவற்றுள் ஒன்று. கட்டுரையில் காட்டும் சினத்தைக் கோப்பில் காட்ட வாய்ப்புள்ள ஒரே மேசையில் அமர்ந்துகொண்டு அதைச் சிறியது என்று தள்ளுவது, சினம் கட்டுரைக்கு மட்டுமே உரியது என ஒப்புக்கொள்வதாகும்.

1957-இல் பெங்களூரில் கூடிய பணியாளர்களிடம் ஆய்வேடுகள் இல்லை. விற்றுமுதல் சான்றிதழும் இல்லை. தாங்கள் போடும் காபியின்மேல் தங்களுக்கு உரிமை உண்டு என்ற எளிய முடிவு மட்டும் இருந்தது. இன்றைய கொள்முதல் குழுக்களிடம் எவரும் அவ்வளவு துணிவை எதிர்பார்க்கவில்லை. அடுத்த ஒப்பீட்டு அட்டவணை மேசைக்கு வரும்போது அதில் ஒரு நிரலைக் கூடுதலாகக் கோட்டால் போதும்: இந்தக் காபியைப் போடப்போகிறவருக்கு மாதம் எவ்வளவு? எந்தக் குழுவின் அட்டவணையிலேனும் அந்த நிரல் ஏற்கெனவே இருக்குமானால், அதை வெளியிடுவது மற்றக் குழுக்களுக்கு உதவும். இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்கும் உரிமை அந்த வளாகத்தின் ஒவ்வொரு மாணவருக்கும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதப் பத்து ரூபாய்தான் ஆகும்.